கோழை என்றொரு சொல்

காட்டூரில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சமுதாயக் கூடம், அதில் காசநோய்ப் பரிசோதனை முகாம். முற்பகல் வெயில் கூரையின்மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாசலில், எக்ஸ்ரே எடுக்கும் வேன் உறுமியபடி நிற்கிறது. மேசையின்மேல் மூடியிட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நான் மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். பேச்சின் நடுவே யாரோ இருமுகிறார்கள்.

இருமல் கூட்டத்திலிருந்து வரவில்லை. மேடையின் இடப்புறத்தில், ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் அமர்ந்திருந்த மைக் செட்காரரிடமிருந்து வந்தது. அவர் பெயர் ஆரோக்கியராஜ். திருச்சி மேடைகளில் பேசும் எங்களுக்கெல்லாம் ஆரோக்கியம் அண்ணன்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"பாருங்கள், ஆரோக்கியமே இருமுகிறது!"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைத் தொடுத்தேன்.

"நெஞ்சில் கோழை இருக்கலாம். நெஞ்சமே கோழையாய் இருக்கலாமா? கோழையை நெஞ்சில் வைத்திருப்பவர் நோயாளி. அதைப் பரிசோதனைக்குக் கொடுக்க அஞ்சுகிறவரே கோழை!"

தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

என் மேடை அனுபவங்களை எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், நான் பேசியவற்றுள் மிகுதியான கைதட்டலைப் பெற்ற வரி எது என்று கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். இதுதான் ஐயா அந்த வரி. வென்ற கோப்பைகளைப் பற்றியே இதுவரை எழுதிவந்தேன். இந்த வரியை மட்டும் வாரந்தோறும் தள்ளிப்போட்டேன்.

ஒரு மூச்சு இடைவெளி

ஆரோக்கியம் அண்ணனை நான் முதன்முதலாகக் கண்டது கல்லூரியின் முதலாம் ஆண்டில், தென்னூரில் நடந்த ஒரு வழக்காடு மேடையில். எதிரணியில் என்னைவிட மூத்த மாணவர்கள் மூவர். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்து இறங்கியிருந்தேன். பரிசு எனக்குத்தான் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, உழைத்துப் பெற்றது.

நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் என்னை அழைத்தார்.

"பாப்பா, நீ ஒரு பெரிய வரி சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்துற. கவனிச்சியா?"

"தெரிஞ்சுதான் நிறுத்தறேன் அண்ணே."

"அப்படியா? நல்லதாப் போச்சு. இனிமே அதுதான் எனக்கு சிக்னலு. நீ நிறுத்து, நான் ஏத்துறேன்."

அன்றிலிருந்து அதுவே எங்கள் இருவருக்குமான உடன்பாடு. நான் இடைவெளி விடுவேன். அவர் விரல்கள் ஆம்ப்ளிஃபயரின் ஒலிக் குமிழை ஒரு கோடு அளவுக்குத் திருப்பும். என் வரி, மற்ற வரிகளைக் காட்டிலும் சற்றே உயரமான இடத்திலிருந்து கூட்டத்தின்மேல் விழும். என் வெற்றிகளில் அந்த ஒரு கோட்டுக்கு எவ்வளவு பங்கு என்று நான் கணக்கிட்டுப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சி தொடங்குமுன் அவர் மைக்கைச் சோதிக்கும் விதமே தனி. "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்..." என்று தொடங்கி, "முன் வரிசை அண்ணாச்சி, கேக்குதுங்களா? கேக்கலேன்னா கையத் தூக்குங்க" என்று முடிப்பார். கேட்காதவர் எப்படிக் கையைத் தூக்குவார் என்று கூட்டம் யோசித்துச் சிரிப்பதற்குள் அவர் மேடையை விட்டு இறங்கிவிடுவார்.

காட்டூர் முகாமுக்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் அப்படிப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். மைக்கின் தலையை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் துடைத்து என்னிடம் நீட்டுவார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. இடுப்பில் புதிதாக ஒரு பெல்ட் வந்திருந்தது. இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காட்டூரிலும் நான் வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினேன். வழக்கம்போல் அவர் கை குமிழுக்குப் போனது. தம்மைக் கோழை என்று சொல்லப்போகும் வரியை, தம் கையாலேயே ஒரு கோடு உயர்த்தி ஊருக்குக் கேட்கச் செய்தார்.

நான்கு வரிச் சீட்டு

அந்த முகாமுக்கு என்னை அழைத்தவர் நூர்ஜஹான் சிஸ்டர். நகர்ப்புற சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவைப் பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டியின் முன்பக்கம் மருந்துப் பையும், பின்பக்கம் டப்பாக்கள் அடங்கிய பெட்டியுமாகத் தெருத் தெருவாகச் செல்பவர். மேடை ஏறுமுன் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார்.

"நீங்க எவ்வளவு அழகா வேணும்னாலும் பேசுங்க. ஆனா இந்த நாலு வரிய மட்டும் விட்றாதீங்க."

சீட்டில் இவ்வாறு எழுதியிருந்தது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன் எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பித் தரக்கூடாது, நெஞ்சிலிருந்து வரும் சளிதான் வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

படித்துவிட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்: அந்த நான்கு வரிகள் எனக்கு மட்டமாகத் தெரிந்தன. எச்சில், துப்புதல் ஆகிய சொற்களை மேடையில் சொல்வதா? சளி என்பதைவிடக் கோழை என்ற சொல் சிலேடைக்கு இடம் தருகிறதே என்று முதல்நாளே கண்டுபிடித்துப் பூரித்திருந்தேன். கைதட்டலின் வெள்ளத்தில் சீட்டு மறந்தே போயிற்று.

பேச்சு முடிந்ததும் பலர் ஆளுக்கு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் காலையில் எடுக்க வேண்டியது ஒன்று. அங்கேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டியது ஒன்று. ஆரோக்கியம் அண்ணனும் எழுந்துபோய் வாங்கினார். கூடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ, "போங்க போங்க, வீரன்தான்!" என்றார்கள். கூடத்தின் பின்புறம் போனவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி, மூடிய டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து அமர்ந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வரியால் ஒரு மனிதரை எழுப்பிவிட்டேன் அல்லவா!

நூர்ஜஹான் சிஸ்டர் அந்த டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நுரைத்த எச்சில் மட்டுமே இருந்தது.

கைதட்ட வேண்டுமா?

ஒன்றரை மாதம் கழித்து சிஸ்டர் எனக்கு போன் செய்தார்.

"உங்க மைக் செட்காரர் என் போனையே எடுக்க மாட்டேங்கிறார். எக்ஸ்ரே வேனுக்கும் வரல. காலையில எடுத்து வைக்கக் கொடுத்த டப்பாவையும் தரல. வீட்டுக்குப் போனா, 'நான்தான் அன்னிக்கே கொடுத்துட்டேனே'ங்கிறார். எச்சிலைக் கொடுத்துட்டு சளி கொடுத்தேன்னா எப்படி? அவரு சம்சாரம் சொல்லுது, சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதாம். நாள் தள்ளத் தள்ள நுரையீரல் போயிட்டே இருக்கும்."

"நான் என்ன செய்ய முடியும், சிஸ்டர்?"

"ஊரு முன்னாடி கோழைன்னு சொன்னது நீங்க. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

காட்டூரிலேயே, தஞ்சாவூர் சாலையிலிருந்து பிரியும் சந்தில் அவர் வீடு. வாசலில் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. உள்ளே ஆரோக்கிய மாதா படம். அந்த மாதாவின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். அவர் மனைவி ஜெயமேரி அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம்" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

ஆறு ஆண்டுகளாகப் பாப்பா என்று அழைத்தவர். அந்த ஒரு சொல்லிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை. ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன், பேசத் தொடங்கினேன். காசநோய் பரம்பரைச் சாபமன்று என்றேன். குணமாகக்கூடியது என்றேன். குடும்பத்தின்மேல் அவருக்குள்ள கடமையைச் சொன்னேன். ஒரு வாதத்தையும் விட்டுவைக்கவில்லை. கால்மணி நேரம் அவர் கண்கொட்டாமல் கேட்டார்.

"முடிஞ்சுதுங்களா மேடம்?"

"முடிந்தது, அண்ணே."

"கைதட்டணுமா?"

"ஏங்க, வீடு தேடி வந்த புள்ளகிட்டப் பேசுற பேச்சா இது?" என்றார் ஜெயமேரி அக்கா.

"நான் என்னடி தப்பாக் கேட்டேன்? பேசினா கைதட்டுறதுதானே முறை."

நான் எழுந்து வந்துவிட்டேன். எந்த மேடையிலும் நான் பதில் சொல்லாமல் இறங்கியதில்லை.

பிரசாதம்

அந்த நாட்களில் எனக்கும் இருமல் இருந்தது. தொடர்ந்து போட்டிகள், தொண்டை கட்டிக்கொண்டது என்று மிளகுப்பால் குடித்துச் சமாளித்தேன். வீட்டில் அம்மா, "என்னடி, இருமிண்டே இருக்கே? டாக்டர்ட்ட காமிச்சியோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்ல சுகாதார நிலையத்துக்குப் போனபோது சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"சில நாட்களாக."

"நாளை எண்ணிச் சொல்லுங்க. இது மேடை இல்ல."

எண்ணினேன். இரண்டு வாரம் தாண்டியிருந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "அவரு பக்கத்துலயே நின்னு வருஷக்கணக்காப் பேசியிருக்கீங்க. காலையில எடுத்துட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போனேன். எங்கள் வீட்டில் தண்ணீர்ச் சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்போம். எச்சில் பட்ட பாத்திரத்துக்குத் தனியிடம் உண்டு. அப்படிப்பட்ட வீட்டின் மாடியில், ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் விழாமல் இரும வேண்டியிருந்தது. எந்தக் குரலைத் தூர வரிசைக்கும் கேட்கும்படி வளர்த்தேனோ, அந்தக் குரலை அன்று கையால் பொத்திக்கொண்டேன்.

டப்பாவை மூடி, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி, சாயாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அமர்ந்தேன். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். காவிரிப் பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்தபோது பக்கத்து இருக்கை அம்மாள் என் மடியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பெருமாள் பிரசாதமா, கண்ணு?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"வெளியூருக்கா? பத்திரமாக் கொண்டு போ." அவர் கண்களை மூடி, என் மடியை நோக்கிக் கைகூப்பினார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொன்னால் அவர் என்ன செய்திருப்பார்? சற்று நகர்ந்து அமர்ந்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சாண் நகர்வுக்கு அஞ்சித்தான் நான் பொய் சொன்னேன். பாலத்தைக் கடக்கும்வரை என் சொந்த வரி என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அன்று யாரும் கைதட்டவில்லை.

அவர் சொன்னது

டப்பாவைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராகக் காட்டூருக்குப் போனேன். வாசலில் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் அமர்ந்து ஒரு ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார் ஆரோக்கியம் அண்ணன்.

"மறுபடியும் பேச வந்தீங்களா மேடம்?"

"இல்லை அண்ணே. நானும் இன்னிக்கு டப்பா கொடுத்துட்டு வரேன்."

ஒயர் அவர் கையில் நின்றது.

"உனக்கா? எதுக்கு?"

இருமலைச் சொன்னேன். மொட்டைமாடியைச் சொன்னேன். பஸ்ஸில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

"பிரசாதம்னா சொன்ன?"

"ஆமாம் அண்ணே."

"அந்தம்மா கும்பிட்டுச்சா?"

"கும்பிட்டாங்க."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் அவரை முன்னுக்கு வளைத்தது. ஜெயமேரி அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினார். வாயைத் துடைத்த துண்டை அவர் மடித்து மறைப்பதற்குள் அதிலிருந்த சிவப்பை நான் பார்த்துவிட்டேன். அக்காவும் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"எத்தனை நாளாங்க?" என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் செய்யற தொழில் என்ன? ஊரே வாய வச்சுப் பேசற மைக்கு. கல்யாண வீட்டுல பாடுறவங்க, கோயில் திருவிழாவுல பேசுறவங்க, சர்ச்சுப் பூசையில சாமியாரு, எல்லாரும் அதுலதான் வாய வைக்கிறாங்க. மைக் செட்காரனுக்கு டிபின்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அப்புறம் எவன் கூப்பிடுவான்? அதான் நானே அதுல வாய வைக்கிறத விட்டேன். தொடச்சுத் தொடச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு நீ சொன்னதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. டப்பா வாங்காம உக்கார முடியல. உள்ளதக் கொடுத்தா அது காட்டிக் கொடுத்துரும். அதான் எச்சிலத் துப்பி வச்சேன்."

பிறகு ஒயரை மறுபடி பிரிக்கத் தொடங்கினார்.

"உன் ரிசல்ட்டு எப்ப வரும்?"

"ரெண்டு நாள் ஆகும்னாங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு அண்ணே."

ஒரு வாதமும் என்னிடம் இல்லை. அவர் அக்காவைப் பார்த்து, "மேரி, அந்த டப்பா எங்க இருக்கு?" என்றார்.

"எந்த டப்பா?"

"காலையில எடுக்கச் சொல்லிக் கொடுத்தாங்களே, வீட்டுக்குன்னு."

அக்கா அதை மாதா படத்தின் பின்னாலிருந்து எடுத்து வந்தார். ஒன்றரை மாதமாக அங்கேதான் வைத்திருந்தார்.

மருந்து மாதங்கள்

எனக்குக் காசநோய் இல்லை, தொண்டைப் புண்தான். அவருக்கு இருந்தது. வலது நுரையீரலின் மேற்பகுதி வெகுவாகக் கெட்டிருந்தது. முகாம் அன்றே பிடித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று சிஸ்டரைக் கேட்டேன். அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை.

"கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்றார்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் வாரங்களில் குமட்டல். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அவர் பதறியது. மூன்றாம் மாதம் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தது. சிஸ்டர் ஸ்கூட்டியை வாசலில் குறுக்கே நிறுத்திக்கொண்டு சண்டை போட்டது. ஜெயமேரி அக்காவுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் இல்லை, தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

மைக்கைத் தொடுவதால் இது பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும் என்று சிஸ்டர் விளக்கிய அன்று, அண்ணன் கேட்டது இதுதான்.

"அப்ப நான் தொடச்சதெல்லாம் வீணா?"

"துடைச்சது நல்லதுதான் அண்ணே. ஆனா வாயைப் பொத்தி இருமியிருக்கணும், சீக்கிரம் வந்திருக்கணும்."

மருந்து முடிந்தது. கிருமி இல்லை என்றார்கள். இருந்தாலும் ஸ்பீக்கர் பெட்டியை இனி அவரால் தூக்க முடியாது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "தாராளமா எழுது பாப்பா. பேரையும் போடு. ஆரோக்கியம்னு பேரு வச்சுக்கிட்டு எதுக்கு ஒளியணும்?" என்றார். அந்தப் பழைய சொல்லை நான் திரும்பப் பெற்ற நாள் அது.

மீண்டும் அதே கூடம்

அண்மையில் அதே காட்டூர்க் கூடத்தில் மறுபடியும் முகாம். பெட்டிகளை வேறு ஆட்கள் தூக்கிவந்து வைத்தார்கள். அவர் ஆம்ப்ளிஃபயர் அருகில் அமர்ந்தார். மைக்கை எடுத்தார். நகத்தால் தட்டவில்லை. "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்... முன் வரிசை அண்ணாச்சி, கேக்குதுங்களா?" நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

நான் சிஸ்டரின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினேன். மூன்றாவது வரியை, எச்சில் என்றும் துப்புதல் என்றும் எழுதியிருந்தவாறே படித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

நான்காவது வரிக்குப் போகுமுன் கடைசி வரிசையில் ஒரு பெண் இருமினாள். அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபடி இருமினாள். தலைகள் திரும்பின. சென்ற முறை வந்திருந்த சிலர், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று புன்னகையோடு என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு ஒரு வரி என் நாக்கில் ஆயத்தமாக இருந்ததையும் மறைக்க மாட்டேன்.

நான் ஒரு மூச்சு நிறுத்தினேன்.

ஆரோக்கியம் அண்ணனின் கை குமிழுக்குப் போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். குமிழ் திரும்பியது, இந்த முறை கீழ்நோக்கி, கடைசிவரை. ஸ்பீக்கர்களில் இருந்த மெல்லிய இரைச்சலும் அடங்கியது.

மைக்கை மேசையில் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிக் கடைசி வரிசைக்கு நடந்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தேன். நான் பேசியது அவளுக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

"வாங்கக்கா, வெளியில காத்தா இருக்கு. அங்க போய்ப் பேசலாம்."